இலையைப் பார்க்கும், தண்டைப் பார்க்காது: செடி நோய்ச் செயலியும் என் ராஸ்பெரியும்

ராஸ்பெரிக்காக இந்தச் செயலிக்குக் காசு கட்டலாமா என்று கேட்டால் என் பதில் இதுதான்: பூச்சியின் பெயர் தெரியவேண்டும் என்றால் இலவசமாகத் தரும் நாள்களே போதும். செடி ஏன் சாகிறது என்று தெரியவேண்டும் என்றால் கட்டுகிற காசு வீண். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இங்கே ரொறன்ரோவைச் சுற்றி ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கத்தில் எங்கள் ஆட்கள் பலர் இப்போது கத்தரி, மிளகாயோடு ராஸ்பெரியும் வைக்கிறார்கள். யூன் மாதம் பிறந்தால் என் வட்ஸ்அப் முழுக்க வாடிய இலைப் படங்கள்தான்.

செயலியின் பெயரை நான் போடவில்லை. இதே மாதிரி ஏழெட்டுக் கிடக்கின்றன, எல்லாம் ஒரே அச்சு. இலையைப் படம் பிடித்தால் சில விநாடியில் ஒரு நோயின் பெயர் வரும், பக்கத்தில் ஒரு சதவீதம் வரும், கீழே மருந்து வரும். 7 நாள் இலவசம், அதன் பிறகு வருடத்துக்கு 40 டொலருக்குச் சற்றுக் குறைவு. மருமகன்தான் என் கைத்தொலைபேசியில் போட்டுத் தந்தான். "மாமா, இனி ஒவ்வொரு இலைக்கும் எனக்குப் போன் எடுக்கத் தேவையில்லை" என்றான். அவனுடைய நிம்மதி எனக்கு விளங்கியது.

முதலில் என் வளவைப் பற்றி. பின்வேலி ஓரமாக ஹெரிட்டேஜ் நிற்கிறது. நியூயோர்க் மாநிலத்தின் ஜெனீவா ஆய்வு நிலையம் 1969 இல் வெளியிட்ட பழைய வகை. அந்த வருடம் முளைத்த தண்டின் நுனியிலேயே ஓகஸ்ட் கடைசியில் காய்க்கத் தொடங்கிவிடும். கொட்டிலுக்குப் பக்கத்தில் பொயின். மனிற்றோபாவின் மோர்டனில் உருவாக்கி 1960 இல் வெளிவிட்டது, கடுங்குளிரையும் தாங்கும், கோடையில் மட்டும் காய்க்கும். இந்த இரண்டுக்கும் பராமரிப்பே வேறு. செயலியோ என்ன வகை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூச்சியில் இது கெட்டிக்காரன். யூலை தொடக்கத்தில் இலைகள் வலை போல ஓட்டை விழுந்து நரம்பு மட்டும் மிஞ்சின. மேலே பச்சையும் செம்பு நிறமுமாக மினுங்கிக்கொண்டு, பக்கவாட்டில் வெள்ளை மயிர்க்குஞ்சங்களோடு வண்டுகள் கூட்டமாக இருந்தன. படம் எடுத்தேன், யப்பான் வண்டு என்று உடனே சொன்னது. அசுவினி, சிலந்திப்பூச்சி, இலைப்புழு எல்லாவற்றையும் அநேகமாகச் சரியாகவே சொன்னது. பூச்சிக்கு முகம் இருக்கிறது, படத்தில் விழும். அதுவரை சரி.

ஆனால் அதே பக்கத்தில் கீழே வந்த மருந்தைப் பாருங்கள்: கார்பாரில். அமெரிக்க வீட்டுத்தோட்டங்களுக்கு எழுதிய ஆலோசனை அப்படியே இங்கே வந்து இறங்கியிருக்கிறது. ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் வீட்டுத்தோட்டத்தில் அடிக்க முடியாத மருந்துகளில் அதுவும் ஒன்று. ரொறன்ரோவில் இருந்து படம் எடுக்கிறேன் என்று செயலிக்குத் தெரியும், இடம் அறிய அனுமதி கேட்டு வாங்கியும் கொண்டது. அந்த அனுமதியை எதற்குப் பாவித்தது என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டாவதாக அது சொன்னது, மணம் வைத்த வண்டுப்பொறியைத் தொங்கவிடச் சொல்லி. அந்தப் பொறி பக்கத்து வளவு வண்டுகளையும் கூட்டிக்கொண்டு வரும், பிடிபடாமல் மிஞ்சுவதெல்லாம் உங்கள் இலையில்தான் குந்தும். காலமையில் குளிர் விடுமுன் வண்டு மந்தமாக இருக்கும். ஒரு வாளியில் சவர்க்காரத் தண்ணீரை விட்டு, இலைக்குக் கீழே பிடித்துத் தட்டினால் போதும். செலவில்லை.

இனி, அது கோட்டை விட்ட இடங்கள்.

யூன் நடுப்பகுதியில் புதுத் தண்டுகள் சிலவற்றின் நுனி மட்டும் ஒரே நாளில் தலை தொங்கியது. கீழே இலைகள் பச்சைப்பசேல் என்று நிற்கின்றன, மேலே ஒரு சாண் மட்டும் துவண்டு கிடக்கிறது. செயலி "நீர்ப் பற்றாக்குறை" என்றது, 90க்கு மேல் சதவீதம் போட்டது. முதல்நாள்தான் மழை பெய்திருந்தது. தொங்கிய நுனிக்குக் கொஞ்சம் கீழே விரலால் தடவிப் பாருங்கள். தண்டைச் சுற்றி ஊசியால் குத்தியது போல இரண்டு வளையம், இடையில் ஒரு சென்ரிமீற்றர் அல்லது சற்றுக் கூட. இது தண்டுதுளைப்பான் வண்டின் வேலை. மெலிந்த கறுப்பு வண்டு, நீண்ட உணர்கொம்பு, கழுத்துப் பகுதி மஞ்சள் செம்மஞ்சளாக இருக்கும், அதில் கறுப்புப் புள்ளி. பெண் வண்டு மேலும் கீழும் வளையம் கடித்துவிட்டு இடையில் முட்டை வைக்கும். புழு பொரித்ததும் தண்டுக்குள் கீழ்நோக்கித் துளைத்துக்கொண்டு போய், அடுத்த வருடம் அடித்தூர்வரை இறங்கிவிடும். கீழ் வளையத்துக்குச் சில சென்ரிமீற்றர் கீழே வெட்டி, வெட்டிய துண்டைக் குப்பையில் போட்டால் விஷயம் முடிந்தது. தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தால் புழுதான் தண்டுக்குள் செளக்கியமாக இருக்கும்.

நுனி தொங்குவது மட்டுமல்லாமல் கறுத்து, கைத்தடி வளைவு போல மடிந்து, வளையம் எதுவும் இல்லை என்றால் அது தீக்கருகல் என்ற பக்றீரியா நோய். அதற்கும் வெட்டுத்தான் வைத்தியம், ஆனால் நோயுள்ள இடத்துக்கு நன்றாகக் கீழே வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிக்கோலை மதுசாரத்தால் துடைக்கவேண்டும். பக்கத்து அப்பிள் மரத்தில் இருந்து வந்தது என்று மரத்தைச் சந்தேகப்பட வேண்டாம். ராஸ்பெரியைத் தாக்கும் வகை வேறு, அப்பிளைத் தாக்கும் வகை வேறு.

அடுத்தது பெரிய பகிடி. பொயின் காய்த்து முடித்தது. ஓகஸ்டில் காய்த்த தண்டுகளின் இலை மஞ்சளாகி, விளிம்பு கருகி, தண்டு பழுப்பாகிக் காய்ந்தது. செயலி "தண்டுக் கருகல் நோய், அவசரம்" என்று சிவப்பு எழுத்தில் கத்தியது, கந்தகச் சுண்ணாம்புக் கரைசல் அடிக்கச் சொன்னது. அந்தத் தண்டுக்கு ஒரு நோயும் இல்லை. ராஸ்பெரியின் வேர் பல வருடம் வாழும், தண்டின் ஆயுள் இரண்டு வருடந்தான். பொயின் போன்ற கோடை வகையில் தண்டு முதல் வருடம் வளரும், இரண்டாம் வருடம் காய்க்கும், பிறகு சாகும். காய்த்த தண்டை அடியோடு வெட்டி எடுப்பது வருடாந்த வேலை, வைத்தியம் அல்ல. புதிதாக ராஸ்பெரி வைத்த ஒருவர் இந்தச் சிவப்பு எழுத்தைக் கண்டால் நிச்சயம் பயந்துவிடுவார். பயத்தில் கடைக்கு ஓடுவார். கடைக்கான இணைப்பும் அதே பக்கத்தில் தயாராக இருக்கிறது, கவனித்தீர்களா?

கந்தகச் சுண்ணாம்பு நல்ல மருந்துதான், இங்கே வாங்கவும் முடியும். தண்டில் ஊதாப் புள்ளி விழுந்து நடுவில் சாம்பல் நிறமாகும் நோய்க்கும், மொட்டுகளைச் சுற்றி ஊதாத் திட்டு வரும் நோய்க்கும் அது உதவும். ஆனால் அடிக்கும் காலம் ஏப்ரல், மொட்டு பிரிந்து பச்சை நுனி தெரியும் நேரம். இலை விரிந்த பிறகு கோடை வெயிலில் அந்தச் செறிவில் அடித்தால் இலை கருகும். கூழ்முட்டை நாற்றம் வளவைத் தாண்டி வீதிவரை போகும், கண்ணில் பட்டால் ஆபத்து, வேலியின் நிறப்பூச்சையும் கறையாக்கும். மாதம் என்ன என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் செயலி இந்தப் பிழையை விட்டிருக்காது. தொலைபேசிக்குத் திகதி தெரியாதா என்ன!

என்னுடைய உண்மையான பிரச்சினை ஹெரிட்டேஜ் வரிசையின் கீழ் அந்தத்தில் இருந்தது. அங்கே தண்டுகள் வருடாவருடம் குறைந்துகொண்டே வந்தன. இளம் இலை மஞ்சள், சில இலைகளின் விளிம்பு கருகல், முழங்கால் உயரம் வந்த புதுத் தண்டுகள் துவண்டு சாவது. செயலிக்கு ஒரே செடியின் மூன்று இலைகளைக் காட்டினேன். ஒன்றுக்கு நைதரசன் குறைவு என்றது, மற்றதுக்கு இரும்புக் குறைவு என்றது, மூன்றாவதுக்கு வைரஸ் என்றது. மூன்றுக்கும் நல்ல நம்பிக்கையான சதவீதம் வேறு.

மஞ்சள் இலையைப் படிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கீழே உள்ள பழைய இலை முழுக்க வெளிறினால் நைதரசன். பழைய இலையில் நரம்பு பச்சையாக நின்று இடையில் மஞ்சள் விழுந்தால் மக்னீசியம். அதே கோலம் மேலே புது இலையில் வந்தால் இரும்பு. தெற்கு ஒன்ராறியோ மண்ணில் இரும்புக்குப் பெரும்பாலும் பஞ்சமில்லை. மண்ணில் சுண்ணாம்பு கூடிக் காரமாக இருப்பதால் செடியால் அதை எடுக்க முடியவில்லை. ராஸ்பெரி கேட்பது 5.6 இலிருந்து 6.5 வரையான அமிலக் காரக் குறியீடு (pH), இங்கே பல வளவுகளில் 7 தாண்டும். இவ்வளவையும் செயலி ஓரளவு தெரிந்து வைத்திருக்கிறது. ஆனால் வேர் அழுகினாலும் இதே மஞ்சள்கள் எல்லாம் மாறிமாறி வரும், ஏனென்றால் செத்த வேர் எதையும் உறிஞ்சாது. இலை அங்கே சாட்சி மட்டும், குற்றவாளி மண்ணுக்குள் இருக்கிறது.

ஓர் இடத்தில் மட்டும் செடி சாகிறது, அந்த இடம் பள்ளமாக இருக்கிறது என்றால் மண்வெட்டியை எடுங்கள். வீட்டை நாங்கள் வாங்கும்போதே கூரைப் பீலியின் குழாயை அந்த மூலைக்குத்தான் விட்டிருந்தார்கள். ஸ்காபரோக் களிமண், பனி உருகும் காலத்தில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். சாகிற தண்டின் வேரைத் தோண்டி, மேல்தோலை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். நல்ல வேர் உள்ளே வெள்ளையாக இருக்கும். இது செங்கல் நிறம். சில வேர்களில் வெள்ளையும் சிவப்பும் கோடு கீறியது போலப் பிரிந்து நின்றன. பைற்றொப்தோரா வேரழுகல். இதன் வித்துகள் நீர் நிரம்பிய மண்ணில் நீந்திப் போய் அடுத்த வேரைப் பிடிக்கும், ஆகவே தண்ணீர் நிற்கும்வரை நோயும் நிற்கும். பசளை போட்டால் ஒரு பயனும் இல்லை.

ரொறன்ரோ மாஸ்ரர் கார்டினர்ஸ் என்று ஒரு தொண்டர் அமைப்பு இருக்கிறது. பயிற்சி பெற்ற தோட்டக்காரர்கள், இணையத்தில் கேள்வி எழுதினால் இலவசமாகப் பதில் தருவார்கள். நான் எழுதினேன். பதிலில் முதலில் வந்தது மருந்து இல்லை, கேள்விகள். எந்த மாதம் தொடங்கியது, வரிசை முழுக்கவா ஒரு பக்கமா, தண்ணீர் எங்கே நிற்கிறது, முன்பு அங்கே என்ன நட்டிருந்தீர்கள், தண்டின் அடியையும் வேரையும் படம் எடுத்து அனுப்புங்கள். 40 டொலர் செயலி கேட்காத கேள்விகள் எல்லாம் அதில் இருந்தன. ஆய்வுகூடத்திலேயே உறுதிப்படுத்த வேண்டும் என்றால் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் செடி மாதிரியை வாங்கிப் பார்க்கும், அதற்குக் கட்டணம் உண்டு. பின்வளவில் நாலு செடிக்கு அது தேவையா என்பது உங்கள் விருப்பம். வேரின் நிறமும் பீலித் தண்ணீரும் சேர்ந்து எனக்குப் போதுமான விடையைத் தந்தன.

செய்தது இதுதான். பீலிக் குழாயை நீட்டிப் புல்தரைப் பக்கம் திருப்பினேன். செத்ததையும் சாகப்போவதையும் வேரோடு கிண்டி எடுத்தேன், எருக்குவியலில் போடவில்லை. புதுச் செடிகளை வேறு மூலையில், பலகை அடித்து 30 சென்ரிமீற்றர் உயர்த்திய பாத்தியில் வைத்தேன். நோயற்றது என்று சான்றுள்ள கன்றுகளை நாற்றுப்பண்ணையில் வாங்கினேன். வகையையும் பார்க்கவேண்டும்: லேதம், பொயின் போன்றவை இந்த அழுகலை ஓரளவு தாங்கும், டைட்டன் சுத்தமாகத் தாங்காது.

இங்கே எங்கள் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. யாரும் வீட்டுக்கு வந்தால் ராஸ்பெரிக் கன்று நாலைப் பிடுங்கிப் பையில் போட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மண்ணோடு வேரழுகலும், அடித்தூரில் கழலை வரும் பக்றீரியாவும், அசுவினி பரப்பும் வைரஸும் சேர்ந்து போகும். வைரஸுக்கு மருந்தே இல்லை, கிண்டி எறிவதுதான். நோய்வாய்ப்பட்ட வரிசையில் இருந்து சம்பந்தி வீட்டுக்குக் கன்று கொடுக்காதீர்கள்.

அதைவிட முக்கியமானது கத்தரிப் பாத்தி. மார்க்கத்தில் மச்சான் ஒருவர், பல வருடம் கத்தரியும் தக்காளியும் மாறிமாறி நட்ட இடத்தில் கறுப்பு ராஸ்பெரி வைத்தார். வெயில் நன்றாக விழும், மண் பொலபொலவென்று இருக்கும், பார்த்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. கீழ் இலை முதலில் மஞ்சளாகி, மஞ்சள் மேலே ஏறிக்கொண்டு போனது. தண்டில் ஒரு பக்கம் நீலம் பாய்ந்தது போலக் கோடு. செயலி அவருக்கு "தண்ணீர் கூடிவிட்டது" என்றது. நான் போய் முதலில் பார்த்தது அந்த நீலக் கோட்டைத்தான். வேர்ட்டிசிலியம் வாடல். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் குடியிருக்கும் பூஞ்சணம், பயிரைப் பிடுங்கிய பிறகும் மண்ணில் பல வருடம் கிடக்கும். சிவப்பு ராஸ்பெரி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், கறுப்பு ராஸ்பெரி விழுந்துவிடும். அந்தப் பாத்தியில் ராஸ்பெரி வைப்பதாக இருந்தால் குறைந்தது நாலைந்து வருடம் இந்தக் குடும்பப் பயிர்கள் இல்லாமல் விட்டுத்தான் வைக்கவேண்டும். ஊரில் மிளகாய்க்குப் பிறகு வெங்காயம், அதற்குப் பிறகு வேறொன்று என்று மாற்றி நட்டவர்களுக்கு இது புதுப் பாடம் இல்லை. இங்கே வளவு சின்னதாகிவிட்டது, மாற்ற இடமில்லை, அதுதான் சங்கடம்.

பழத்தைப் பற்றியும் ஒரு சொல். பழத்தில் சில மணிகள் மட்டும் வெள்ளையாக இருந்ததைச் செயலி பூஞ்சணம் என்றது. அது வெயில் சுட்டது, தாராளமாகச் சாப்பிடலாம். பழம் கையில் எடுக்கும்போதே கசிந்து குழைந்து, உள்ளே சின்ன வெள்ளைப் புழு நெளிந்தால் அது புள்ளிச்சிறகுப் பழ ஈ. ஒன்ராறியோவில் 2010 இல் முதலில் தென்பட்டது, ஓகஸ்ட், செப்ரெம்பரில் காய்க்கும் ஹெரிட்டேஜுக்குப் பெரிய தலையிடி. இதற்குச் செயலியில் பழத்தைப் படம் பிடித்தால் "ராஸ்பெரி, உண்ணத்தக்கது" என்று வந்தது. உண்மைதான், மறுக்க முடியாது. நாள் விடாமல் பறிப்பது, பறித்ததை உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது, கீழே விழுந்ததைப் பொறுக்கி எடுப்பது, தண்டுகளை ஐதாக்கிக் காற்று விடுவது. இதற்குமேல் வீட்டில் செய்ய அதிகம் இல்லை.

ஆக, பூச்சிக்கு 5க்கு 4. வாடலுக்கும் மஞ்சளுக்கும் 5க்கு 1. மருந்துப் பரிந்துரைக்கு நான் புள்ளி போடவில்லை, அதைப் பார்க்காமல் மூடிவிடுங்கள். படங்களைத் திகதியோடு சேமித்து வைக்கும் பகுதி ஒன்று இருக்கிறது, அது எனக்கு உண்மையிலேயே உதவியது: வேரழுகல் வரிசையின் எந்தப் பக்கத்தில் தொடங்கியது என்று பழைய படங்களை வைத்துத்தான் சரியாகச் சொல்ல முடிந்தது. தொலைபேசியின் சாதாரணப் படத்தொகுப்பும் அதையே சும்மா செய்யும் என்று மருமகன் பிறகு சொன்னான்.

இலவச 7 நாளைத் தொடங்குகிறவர்கள் அன்றைக்கே நிறுத்தும் வழியையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். செயலியைத் தொலைபேசியில் இருந்து அழித்தால் சந்தா நிற்காது. தொலைபேசியின் செயலிக் கடைக்குள் போய், உங்கள் கணக்கில் சந்தாக்கள் என்ற இடத்தைத் திறந்து, அங்கேதான் நிறுத்தவேண்டும். கடைசி நாள்வரை காத்திருக்காமல் ஒரு நாள் முந்தியே நிறுத்துங்கள், மிச்ச நாளுக்கும் பெரும்பாலும் வேலை செய்யும்.